சாவடிச் சுவரில் 1914-1919 கல்: இடிக்கும் முன் என்ன செய்வது? போன 41 பேர் யார்?

மேஸ்திரி மகன் எழுதியது:

வணக்கம். குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் நாளைக்கே பழைய கல், பழைய தூண் வாங்குகிற ஆள் வண்டியோடு வந்து நிற்பான்.

எங்கள் ஊர்ச் சாவடியை இடித்துவிட்டு அங்கே நூலகமும் ரேஷன் கடையும் சேர்ந்த ஒரு கட்டடம் வரப்போகிறது. வேலை எங்களிடம் வந்திருக்கிறது. அப்பா மேஸ்திரி, நான் சிவில் டிப்ளமோ முடித்து அவரோடு இருக்கிறேன். ஓடு பிரித்தாகிவிட்டது. சுவரைத் தட்டும் முன்னால் மரவேலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலுக்கு இடது பக்கம் சுண்ணாம்புக்கு உள்ளே ஒரு சலவைக்கல் தட்டுப்பட்டது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருக்கும். எத்தனையோ பொங்கலுக்கு அடித்த வெள்ளை, அதன்மேல் தேர்தல் நோட்டீஸ், அதன்மேல் காதணி விழா நோட்டீஸ். சுரண்டிப் பார்த்தால் இங்கிலீஷ் எழுத்து. இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு 41 பேர் போனார்கள், அவர்களில் 3 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வாசகம். ஒரு பெயர்கூட இல்லை.

ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கிணறு வெட்டிய வெள்ளைக்காரன் கல் என்றார் ஒருவர். புதையல் குறி என்றார் இன்னொருவர், அவர் எதைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார். புதுக் கட்டடத்துக்குப் படியாகப் போட்டுவிடலாம் என்று பஞ்சாயத்தில் ஒரு யோசனை. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்து இருக்கிற கல்மேல் கால் படக்கூடாது என்பது அவர் தொழில் பழக்கம்.

கேட்க வேண்டியது இதுதான். கல்லை உடையாமல் எடுப்பது எப்படி? அரசாங்கத்திடம் சொல்ல வேண்டுமா? அந்த 41 பேர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அப்புறம், போர் முடிந்தது 1918 என்றுதானே படித்தோம், கல்லில் ஏன் 1919?


கல்தச்சன் எழுதியது:

தம்பி, பிரேக்கர் மெஷினை அந்தச் சுவர்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதிர்விலேயே சலவைக்கல் முடிபோல விரிசல் விடும், அன்றைக்குத் தெரியாது, தூக்கும்போது இரண்டாகும்.

சாவடி நூறு வருடத்துக் கட்டடம் என்றால் சுண்ணாம்புக் காரைதான் இருக்கும், அது உங்களுக்கு நல்லது. கல்லை நெம்பாதீர்கள். கல்லைச் சுற்றியுள்ள செங்கல்லை ஒவ்வொன்றாக உளியால் எடுங்கள். மேல் வரிசையை முதலில் எடுத்துவிட்டால் கல்மேல் பாரம் இருக்காது. முதுகுப் பக்கம் காரை பிடித்திருந்தால் ஹேக்சா பிளேடை விட்டு மெதுவாக அறுங்கள். மூலைகளில் இரும்புக் கொக்கி இருக்கலாம், இழுக்காமல் அறுத்துவிடுங்கள். எடுத்த கல்லைப் படுக்கப் போட்டுத் தூக்கக் கூடாது, கண்ணாடியைத் தூக்குவதுபோல நிமிர்த்தி, இரண்டு பேர். சாக்கு சுற்றி, பலகைமேல் சாய்த்து வையுங்கள்.

கழுவ ஆசிட் வேண்டவே வேண்டாம். டைல்ஸ் கழுவுகிற அதே ஆசிட்டைச் சலவைக்கல்லில் ஊற்றினால் எழுத்தோடு சேர்ந்து கரையும். வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ். தேய்ந்த எழுத்தைப் படிக்க ராத்திரியில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், நிழல் விழுந்து தெரியும். எழுத்துக்குக் கறுப்பு எனாமல் அடிக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.


ஓய்வுபெற்ற சாப்பர் எழுதியது:

மேஸ்திரி தம்பிக்கு. நான் பெங்களூரு மதராஸ் சாப்பர்ஸில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். சாப்பர் என்றால் பாலம் போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற பட்டாளத்துக்காரன். அல்சூர் ஏரிக்கரையில்தான் எங்கள் ட்ரெயினிங் சென்டர். இப்போது வேலூரில் மகன் வீட்டில் இருக்கிறேன், பேரன் டைப் அடித்துத் தருகிறான். பிழை இருந்தால் அவனைத் திட்டவும்.

இதே வாசகம் உள்ள கல்லை வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன். பஞ்சாபில் டூட்டியில் இருந்தபோது அங்கேயும் இருந்தது. வாசகம் ஒன்றுதான், ஊருக்கு ஊர் எண்ணிக்கை மட்டும் மாறும். முதல் உலகப்போர் முடிந்ததும், ஆள் அனுப்பிய ஊர்களில் வெள்ளைக்கார சர்க்கார் பதித்த கல் இது. 1919 என்பதும் சரிதான். சண்டை நின்றது 1918 நவம்பர் 11. சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது வெர்சாய் நகரத்தில், 1919 ஜூன் 28. அந்தப் போருக்குக் கொடுத்த விக்டரி மெடலிலேயே 1914-1919 என்றுதான் அடித்திருக்கும். போனவர்களும் 18இல் வீடு திரும்பிவிடவில்லை. பாக்தாத் பக்கம் இருந்த பல பட்டாளங்கள் 1920 வரைக்கும் அங்கேயே கிடந்தன.

எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். சினிமாவில் காட்டுகிற பிரான்சு பதுங்குகுழிதான் எல்லார் நினைவுக்கும் வருகிறது. பிரான்சுக்கும் போனார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து அதிகம் பேர் போன இடம் மெசபடோமியா, இன்றைய இராக். கப்பலில் பஸ்ராவில் இறங்கி டைகிரிஸ் ஆற்றை ஒட்டி மேலே போக வேண்டும். ரோடு கிடையாது, ரயில் கிடையாது, ஆறுதான் பாதை. ஆற்றுப் பாதை என்றால் பாலம் வேண்டும், படகு வேண்டும், கரை கட்ட வேண்டும். அது எங்கள் வேலை. 1917 பிப்ரவரி 23ஆம் தேதி ஷும்ரான் என்ற வளைவில், எதிர்க்கரையில் துருக்கிக்காரன் சுட்டுக்கொண்டிருக்க, ஆற்றைக் கடந்து பாலம் போட்டார்கள். அதில் மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். ரெக்ரூட்டாகச் சேர்ந்த எங்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தான் வளர்த்தார்கள். பெங்களூர் டார்ப்பிடோ என்று ஒன்று உண்டு, முள்வேலியை வெடித்துத் திறக்கும் நீளக் குழாய். 1912இல் எங்கள் சென்டரில் இருந்த மெக்கிளின்டாக் என்ற கேப்டன் செய்தது. நாங்களும் அதில்தான் பயிற்சி எடுத்தோம். உலகத்துப் பட்டாளமெல்லாம் அந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுகிறது.

41 பேரும் துப்பாக்கி பிடித்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். கோவேறு கழுதை ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், டோலி தூக்கியவர், சமையல்காரர், சலவைக்காரர் எல்லாரையும் சேர்த்துத்தான் ஒரு பட்டாளம். அங்கே குண்டைவிட வெயிலும் பேதியும் காலராவும் பெரிய எதிரி. கூத் என்ற ஊரில் 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் 29 வரை முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட படை பட்டினியில் சரணடைந்தது. கடைசியில் குதிரைக் கறிதான் ரேஷன். நம் சிப்பாய்களில் நிறையப் பேர் அதைத் தொட மறுத்து எலும்பானார்கள். பிடிபட்டவர்களைப் பாலைவனத்தில் நடத்திக்கொண்டு போனார்கள். படையின் ஜெனரல் டவுன்ஷெண்ட் மட்டும் இஸ்தான்புல் பக்கம் ஒரு தீவில் வசதியாக இருந்தார். பட்டாளத்தில் இருந்தவனுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இப்போது உங்கள் கல்லைப் பற்றி எனக்குப் பட்டது. டெல்லி இந்தியா கேட்டில் 13,000க்கு மேல் பெயர் இருக்கிறது. எல்லாம் இறந்தவர்கள் பெயர். எந்த நினைவுச்சின்னத்துக்குப் போனாலும் அப்படித்தான். உங்கள் கல் 41இல் தொடங்குகிறது. போனவர்களை முதலில் எண்ணிவிட்டு, இறந்தவர்களை அப்புறம் சொல்கிறது. அப்படியென்றால் திரும்பி வந்த 38 பேரும் அதில் இருக்கிறார்கள். இந்த வகைக் கல்லைத் தவிர, திரும்பி வந்தவனையும் எண்ணுகிற நினைவுச்சின்னம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நான் 71 பாகிஸ்தான் போரில் ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுத்த கூட்டத்தில் ஒருவன். ராத்திரி, டிசம்பர் குளிர், ஊசியால் மண்ணைக் குத்திக் குத்தித் தேட வேண்டும். விரல் மரத்துப்போனால் ஊசியில் தட்டுவது கல்லா வெடியா என்று தெரியாது. மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அங்கேதான் இறந்தார், மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். வெடி எடுத்துத் திறந்த பாதையில் பூனா ஹார்ஸ் டாங்கிகள் போயின. மறுநாள் அருண் கேத்ரபால் இறந்தார், 21 வயது, பரம்வீர் சக்ரா. அவர்களுக்குச் சிலை இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு டிசம்பர் 16க்கும் மாலை போடுகிறோம். ஆனால் அன்று ராத்திரி என் பக்கத்தில் படுத்து மண்ணைக் குத்தியவன் ஊருக்கு வந்து ஏ.டி.எம். வாசலில் வாட்ச்மேனாக இருந்து செத்தான். அவன் 71இல் போனவன் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கல்லைப் படிக்கட்டாகப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.


நேர்பேச்சு எழுதியது:

எல்லாம் சரி. யாருடைய போர் அது? துருக்கிக்காரன் நமக்கு என்ன செய்தான்? 1806இல் இதே வேலூர்க் கோட்டையில் இதே மதராஸ் சிப்பாய்கள் வெள்ளைக்காரனைத் திருப்பிச் சுட்டார்கள். நினைவு வைக்க வேண்டியது அவர்களை. இந்தக் கல் ஆள் பிடிக்கும் விளம்பரம், 'உங்கள் ஊர் எவ்வளவு விசுவாசம் பார்' என்று முதுகில் தட்டுவது. இந்தியாவின் கஜானாவிலிருந்து 10 கோடி பவுண்டு 'அன்பளிப்பு' வேறு வாங்கிக்கொண்டான். பதிலுக்கு என்ன கொடுத்தான்? ரவுலட் சட்டம், 1919. ஜாலியன்வாலாபாக், 1919 ஏப்ரல் 13. உங்கள் கல்லில் இருக்கிற அதே 1919.


ஓய்வுபெற்ற சாப்பர் எழுதியது:

நேர்பேச்சு தம்பி சொல்கிற ஒவ்வொன்றும் உண்மை. சர்க்கார் எதற்காகக் கல் வைத்தது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அன்றைக்குச் சிப்பாய்க்குச் சம்பளம் மாதம் 11 ரூபாய். மழை பொய்த்த ஊரில் மாதா மாதம் தவறாமல் வருகிற 11 ரூபாய் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இதே வட ஆற்காட்டிலிருந்து பினாங்குக்கும் கொழும்புக்கும் தோட்ட வேலைக்குக் கப்பலேறினவனை 'வெள்ளைக்காரன் ரப்பருக்காக ஏன் போனாய்' என்று நாம் கேட்பதில்லை, பாவம் பிழைக்கப் போனான் என்கிறோம். பட்டாளத்துக்குப் போனவனிடம் மட்டும் கொள்கை கேட்கிறோம். 1918இல் கேடா ஜில்லாவில் காந்தியே ஊர் ஊராகப் போய்ப் பட்டாளத்துக்கு ஆள் திரட்டினார். அவருக்கே அன்றைக்கு அது குழப்பமாக இருந்தது என்றால் எழுதப் படிக்கத் தெரியாத இருபது வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்?


வரலாறு டீச்சர், ஆரணி எழுதியது:

மேஸ்திரி மகன், தேடுவதற்கு வழி சொல்கிறேன்.

திரும்பி வராத 3 பேரைக் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப்போரிலும் இறந்த சிப்பாய்களின் பட்டியல் இருக்கிறது, இலவசம். பெயர் தெரியாததால் பெயரில் தேடாதீர்கள். 'கூடுதல் விவரம்' என்ற கட்டத்தில் உங்கள் தாலுகா, மாவட்டம் போட்டுத் தேடுங்கள். பல இந்தியச் சிப்பாய்களுக்கு அப்பா பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் பதிவாகியிருக்கிறது. மாவட்டம் வேலூர் என்று இருக்காது, அன்றைக்கு எல்லாம் வட ஆற்காடு. ஊர்ப் பெயரை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'பட்டு', 'பாடி', 'பேட்டை' எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். சத்தமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

பஸ்ரா நினைவுச்சின்னத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாத 40,000க்கு மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் படைப்பிரிவின் பெயரைப் போட்டு, எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். அதிகாரியாக இருந்தால்தான் பெயர். பிரான்சில் நவ் ஷப்பல் சின்னத்தில் இந்தியர் பெயர்கள் ஒழுங்காக இருக்கின்றன, ஐரோப்பியர் கண்ணில் படுகிற இடம் அல்லவா. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களைச் சமமாக நினைவுகூரவில்லை என்று 2021இல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை என்று கணக்கும் சொன்னது. உங்கள் ஊர்க் கல்லில் பெயர் இல்லாததும் இந்த வரிசையில் வருவதுதான்.

திரும்பி வந்த 38 பேர் விஷயம் கஷ்டம். பஞ்சாப்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. போருக்குப் போன சுமார் 3,20,000 பேரை ஊர்வாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்து, 2021இல் இணையத்தில் வரத் தொடங்கின. நமக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே ஊருக்குள்தான் தேட வேண்டும். 'பட்டாளத்தார் வீடு' என்று எந்த வீட்டையாவது சொல்கிறார்களா? பழைய டிரங்குப் பெட்டி, மெடல், பென்ஷன் காகிதம் இருக்கிறதா?

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். கல் இருப்பது ஊர்ச் சாவடியில். போனவர்கள் எந்தத் தெருக்காரர்கள்? மதராஸ் சாப்பர்ஸிலும் பயனியர் படைகளிலும் ஆதிதிராவிடர்களும் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். பூட்ஸ் போட்டு, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, பென்ஷனோடு வந்தவர்கள். அப்படி வந்தவர் அன்றைக்கு அந்தச் சாவடித் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியுமா? கல்லை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன் காலனியிலும் போய்க் கேளுங்கள்.

நேர்பேச்சுக்கு ஒரு வார்த்தை. 3 பேர் இறந்ததைக் கல் சொல்கிறது. 1918இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக, போர்க் கப்பல்களோடு வந்த விஷக்காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் அரிசி விலை தாங்காமல் மதராஸில் கடைகளைச் சூறையாடினார்கள். அதுவும் இந்தப் போரின் கணக்குதான். அந்தக் கணக்கைச் சொல்ல நம் ஊர்களில் கல்லே கிடையாது. இருக்கிற ஒரு கல்லையும் தூக்கிப் போட்டுவிட்டால் எதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது?

சட்டம் பற்றி: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கல்வெட்டு தொல்பொருள் கணக்கில் வரும். தாசில்தாருக்கு ஒரு கடிதம், வேலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நகல். பஞ்சாயத்தில் தீர்மானமும் போடச் சொல்லுங்கள். காகிதம் இருந்தால் யாரும் படியாகப் போட மாட்டார்கள்.


மேஸ்திரி மகன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கல் முழுசாக வெளியே வந்துவிட்டது. கல்தச்சன் ஐயா சொன்னபடி மேல் வரிசையிலிருந்து செங்கல்லை எடுத்தோம். இரண்டு மூலையில் இரும்புக் கொக்கி இருந்தது, துருவேறிக் கல்லைப் பிளக்கிற நிலையில். அறுத்துவிட்டோம். எனாமல் அடிக்கலாம் என்றவர் என் சித்தப்பா. டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

டீச்சர் சொன்ன இணையதளத்தில் தாலுகா பெயரைப் போட்டதும் வந்த பட்டியலில் ஒன்று எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர்தான். சாப்பர் என்று போட்டு, பஸ்ரா நினைவுச்சின்னம் என்று இருந்தது. அப்பா பெயரும் இருக்கிறது. வாரிசுகள் யார் என்று தெரியும்வரை பெயரை இங்கே போடவில்லை. மற்ற இரண்டு பேர் இன்னும் கிடைக்கவில்லை.

காலனிக்குப் போனேன். போனதும் முதல் வீட்டிலேயே, ஏரிக்குக் கீழே இருக்கிற 'பஸ்ராக்காரர் கொல்லை' அவர்களுடையது என்றார்கள். நான் சின்ன வயதில் அந்தக் கொல்லையில் மாங்காய் அடித்திருக்கிறேன். பெயருக்கு அர்த்தம் கேட்டதே இல்லை. அந்த வீட்டுப் பாட்டியின் தாத்தாதான் பஸ்ராக்காரர். அவர் பம்பாயில் கப்பலேறினார், நாலு வருடம் கழித்து வந்தார், வந்தபின் பேரீச்சம்பழத்தை மட்டும் கண்ணிலேயே காட்டக்கூடாது என்பாராம். ஏன் என்று பாட்டிக்குத் தெரியவில்லை. பென்ஷன் கிடையாது என்றார். வெள்ளி மெடல் ஒன்று இருந்ததாம், பாட்டியின் அம்மா கல்யாணத்துக்கு உருக்கிக் கொலுசு செய்துவிட்டார்கள். பித்தளை நிறத்தில் இன்னொன்று இருக்கிறது. ஒரு பக்கம் இறக்கை வைத்த பெண், மறுபக்கம் இங்கிலீஷ் எழுத்து. ரிப்பன் இல்லை. அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது தகராறு. கல்லைக் காலனி நுழைவாயிலில் வைக்க வேண்டும் என்று அங்கே இளைஞர்கள் சொல்கிறார்கள். போனவர்களில் பாதிக்கு மேல் தங்கள் பக்கம்தான் என்கிறார்கள். ஊர்த் தெருவில், சாவடியில் இருந்தது சாவடி இடத்தில்தான் இருக்கணும் என்கிறார்கள். போனவர்களில் தங்கள் வீட்டுக்காரர் ஒருவரையாவது சொல்லச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. தலைவர் கூட்டம் போட்டிருக்கிறார். நூலகத்தின் உள்சுவர் என்று அப்பா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அது பொது இடம், எல்லாரும் உள்ளே வரலாம், மழையும் படாது. எடுபடுமா தெரியவில்லை.


நேர்பேச்சு எழுதியது:

பாதிக்கு மேல் காலனி ஆட்கள் என்றால் கல்லின்மேல் அவர்களுக்குத்தான் முதல் பேச்சு. நூலகத்தில் வைத்தாலும் கீழே தமிழில் ஒரு பலகை வையுங்கள். அதில் 11 ரூபாயையும் எழுதுங்கள், 10 கோடி பவுண்டையும் எழுதுங்கள்.


ஓய்வுபெற்ற சாப்பர் எழுதியது:

தம்பி, அந்தப் பித்தளை நிற மெடல்தான் விக்டரி மெடல், அது வெண்கலம். உருக்கியது பிரிட்டிஷ் வார் மெடலாக இருக்கும், அது வெள்ளி. அதனால்தான் நம் பக்கம் வெண்கலம் மட்டும் தங்கியிருக்கிறது.

முக்கியம்: மெடலின் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். சுற்றி ஓரத்தில் பொடி எழுத்தில் அவருடைய நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அடித்திருக்கும். அந்த வீட்டுக்காரர் யார், எங்கே சேர்ந்தார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. டார்ச் அடித்து, ஓரத்தைத் திருப்பித் திருப்பி நாலைந்து படம் எடுத்து அனுப்புங்கள். பாட்டியிடம் சொல்லிவையுங்கள், குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், விளிம்பு எழுத்து மழுங்கிவிடும்.

இறந்த மூவர் வீட்டில் கையகல வட்டமாக ஒரு வெண்கலத் தட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இறந்தவர் குடும்பத்துக்கு அனுப்பியது. பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள், சில இடத்தில் எண்ணெய்ப் பானைக்கு மூடியாக இருக்கும்.


மேஸ்திரி மகன் எழுதியது:

புளி விஷயத்தில் தாமதமாகிவிட்டது ஐயா, பாட்டி வருடா வருடம் ஆடி மாதம் தேய்ப்பாராம். ஆனாலும் எழுத்து தெரிகிறது. முதலில் நாலு இலக்க நம்பர், அப்புறம் பதவி, பெயர், கடைசியில் '2 கியூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்' என்று இருக்கிறது. பெயர் பாட்டி சொன்ன பெயரேதான், ஒரு எழுத்து மட்டும் வேறு. படத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.


ஓய்வுபெற்ற சாப்பர் எழுதியது:

படம் வந்தது. '2 கியூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்' என்றால் இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். எங்கள் ஆள்தான், எனக்கு ஐம்பது வருட சீனியர். பேரனைக் கூப்பிட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பெங்களூருவில் சென்டருக்குள்ளேயே மியூசியமும் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. நம்பர், பெயர், ஊர் மூன்றையும் எழுதி, மெடல் படத்தோடு பாட்டி கையெழுத்து வைத்து ஒரு கடிதம் தயார் செய்யுங்கள். அடுத்த மாதம் பென்ஷன் வேலையாக அந்தப் பக்கம் போகிறேன், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பஸ்ரா சின்னத்தில் இருப்பவரும் சாப்பர் என்றீர்களே, அவர் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு நம்பரும் அடுத்தடுத்து வந்தால் ஒரே நாளில் சேர்ந்திருப்பார்கள். பஸ்ராக்காரர் கொல்லைக்குப் பட்டா யார் பெயரில், எந்த வருடத்திலிருந்து என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வையுங்கள். பட்டாளத்துக்காகக் கொடுத்த நிலம் என்றால் பழைய பதிவேட்டில் குறிப்பு இருக்கக்கூடும், அதே பக்கத்தில் வேறு பெயர்களும் கிடைக்கலாம்.

மெடலை அரிசிப் பானையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரம் இல்லாத இடம், திருடனுக்கும் தெரியாது.